உளுந்தூர்பேட்டைத் தேநீர்க்கடை அண்ணனுக்கு நன்றி

சென்ற ஞாயிறு பிற்பகல், திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் காரின் ஏசி துவாரங்களில் காற்று அடியோடு நின்றுவிட்டது. பின்இருக்கையில் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் கேட்டதற்கு, எங்கள் வழக்கமான மெக்கானிக் "ஏசியில் குளிரூட்டும் கேஸ் தீர்ந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

தேநீர்க்கடையில் நின்றிருந்த நீங்கள் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். "கேஸ் இல்லையென்றால் சூடான காற்றாவது வரும், தம்பி. காற்றே வரவில்லையே!" பிறகு ஒரே கேள்வி: "விசிறி வேகத்தை உச்சமான நான்காம் எண்ணில் வைத்தாலுமா?" ஆமாம் என்றேன். அதில் மட்டும் விசிறி ஓடினால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும், எதிலுமே ஓடாவிட்டால் ஃபியூஸ், மின்சுவிட்சாக வேலை செய்யும் ரிலே, காற்றைத் தள்ளும் விசிறியின் மோட்டார் என்று பார்க்க வேண்டும் என்றீர்கள்.

ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. இரண்டு ஒயர் கட்டிய சிறிய பல்பை மோட்டாரின் பிளக்கில் வைத்தீர்கள், பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் படுத்துவிட்டது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு தட்டு. அது முனகிக்கொண்டே சுழலத் தொடங்கியதும் அம்மா கைதட்டிவிட்டார்! மூன்று திருகுகளைக் கழற்றி இறக்கியபோது, விசிறிக்குள் ஒரு பிடி காய்ந்த வேப்பிலை. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, சென்னை வரை தாங்கும், பிறகு புது மோட்டார் போட்டுவிடுங்கள் என்றீர்கள்.

தாம்பரம் வரை தாங்கியது. மறுநாளே மாற்றிவிட்டேன்.

பணத்தைத் தள்ளிவிட்டு ஒரு தேநீர் மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். பெயரைக் கேட்கக்கூட மறந்துவிட்டேன், அண்ணே. அம்மா தினமும் உங்களை விசாரிக்கிறார்.