சிறு மருத்துவக் கருவி நிறுவனப் பங்குகள்: செய்தியில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் பங்கு ஒரே நாளில் தாவி ஏறுவதும், சில வாரங்களில் ஏறத் தொடங்கிய இடத்துக்கே இறங்கிவிடுவதும் வணிகப் பக்கங்களில் அவ்வப்போது செய்தியாகின்றன. ஏறும்போது ஒப்புதல் கிடைத்தது என்று தலைப்பு வருகிறது. இறங்கும்போது முதலீட்டாளர்கள் அதிர்ச்சி என்று வருகிறது. இத்தகைய பங்குகளை வாங்கி விற்பவன், மற்ற சிறு முதலீட்டாளர்களோடு அவற்றைப் பற்றி விவாதிப்பவன் என்ற முறையில், இந்த இரண்டு தலைப்புகளுக்கும் இடையில் விடுபட்டுப் போகும் விவரங்களே எங்கள் விவாதங்களையும் திசைமாற்றுகின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் ஒப்புதல். மருத்துவக் கருவி நிறுவனங்கள் தம் அறிக்கைகளில் பெரிதும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் பெயர் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துடையது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி அந்த அமைப்பு கருவிகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறது. நடுத்தர ஆபத்துள்ள கருவிகள் பெரும்பாலும் 510-கே என்ற வழியில் சந்தைக்கு வருகின்றன. ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் இருக்கும் ஒரு கருவிக்குப் புதிய கருவி பாதுகாப்பிலும் செயல்திறனிலும் ஈடானது என்று அங்கே காட்ட வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வும் தேவைப்படுவதில்லை. உயிர்காக்கும் கருவிகள் உள்ளிட்ட மூன்றாம் வகுப்புக்கோ முன் ஒப்புதல் வேண்டும். மருத்துவ ஆய்வின் முடிவுகளோடு வரவேண்டிய, ஆண்டுக்கணக்கில் நீளக்கூடிய, பெரும்பணம் விழுங்கும் வழி அது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ‘திருப்புமுனைக் கருவி’ என்ற தகுதியைப் பெற்ற நிறுவனம் அதிகாரிகளோடு முன்கூட்டியே கலந்து பேசலாம், அதன் விண்ணப்பமும் முன்னுரிமையோடு பரிசீலிக்கப்படும். ஆனால் அந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கருவியைக்கூட விற்க முடியாது. இவை எல்லாவற்றுக்கும் கீழே, தொழிற்கூடத்தைப் பதிவு செய்து கருவியைப் பட்டியலில் சேர்க்கும் வெறும் நடைமுறை இருக்கிறது. அந்தப் பதிவு ஒப்புதல் ஆகாது என்று அந்த அமைப்பே வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் நிறுவனங்களின் செய்திக்குறிப்புகளில் இந்த நான்கும் ஏறத்தாழ ஒரே பூரிப்போடுதான் அறிவிக்கப்படுகின்றன. செய்தியாளர் அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டால், மறுநாள் காலையில் எங்களுக்குள் நடக்கும் பேச்சு முழுவதும் விலை எதுவரை போகும் என்பதாகவே இருக்கும்.

நடைமுறைகளைக் கடந்து வந்த கருவிக்கும் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு ஒரு கருவிக்கான செலவை ஏற்குமா என்பதைத் தீர்மானிப்பது வேறோர் அமைப்பு. விற்பனை அனுமதி வந்த கருவிக்கெல்லாம் காப்பீட்டுப் பணம் தானாக வந்துவிடுவதில்லை. அனுமதி நாளில் ஏறிய பங்கு அடுத்தடுத்த காலாண்டு முடிவுகளில் தேய்ந்துகொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கையிருப்பு விவகாரம் இதைவிடவும் முக்கியமானது என்பது என் கருத்து. வருமானம் இன்னும் தொடங்காத ஒரு நிறுவனத்திடம் 12 கோடி இருக்கிறது, காலாண்டுக்கு 4 கோடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதங்களில் பெட்டி காலி. பெட்டி காலியாகும் வரை எந்த நிர்வாகமும் காத்திருக்காது. நல்ல செய்தி வந்து பங்கு ஏறியிருக்கும் நாளையே பார்த்துப் புதிய பங்குகளை, பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைத்து, வெளியிடும். 5 கோடிப் பங்குகள் இருந்த இடத்தில் மேலும் 2 கோடி வந்தால், ஒரு விழுக்காடு வைத்திருந்தவரின் பங்கு 0.71 விழுக்காடாகச் சுருங்குகிறது. இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆய்வை முடிக்கப் பணம் வேண்டும், வங்கியும் இத்தகைய நிறுவனத்துக்கு எளிதில் கடன் தராது. ஆனால் விவாதங்களில் இந்தக் கணக்கை எடுத்து வைப்பவரைத்தான், பங்கை மலிவாக வாங்கக் காத்திருப்பவர் என்று மற்றவர்கள் சந்தேகிக்கிறார்கள். அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஒரு பங்கின் விலை தொடர்ந்து 30 வணிக நாட்கள் ஒரு டாலருக்குக் கீழே இருந்தால் நிறுவனத்துக்கு அறிவிக்கை வரும். பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு. பல பங்குகளை ஒன்றாக இணைத்து விலையை மேலே தூக்கிக் காட்டுவது அப்போது கையாளப்படும் வழக்கமான உபாயம். பத்துப் பங்குகளை ஒன்றாக்கினால், அன்றைய விலைப்பலகையை மட்டும் பார்ப்பவருக்குப் பங்கு பத்து மடங்கு ஏறியதுபோலத் தெரியும் என்பது தனி வேடிக்கை.

இன்னொன்று, இப்பங்குகளில் வாங்குவோரும் விற்போரும் மிகக் குறைவு. ஒரு பங்கை 40க்கு வாங்க 200 பங்குகளுக்கு மட்டுமே ஆணை இருக்கிறது, அடுத்து 38.50க்கு 150, அதற்கும் கீழே 36க்கு 500. இந்த நிலையில் 800 பங்குகளைச் ‘சந்தை விலைக்கு விற்கவும்’ என்று ஒருவர் ஆணையிட்டால், அவருக்குச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 37.47, கடைசி விலையாகத் திரையில் நிற்பது 36. விலையைக் குறிப்பிட்டு ஆணை போடாத ஒரே ஒரு சிறு முதலீட்டாளரால் பங்கு 10 விழுக்காடு விழுந்திருக்கிறது. ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் எங்கள் மத்தியில் உலவும் விளக்கமோ, பெரிய கை ஒன்று திட்டமிட்டு விலையை அடிக்கிறது என்பதாக இருக்கும். அன்று கைமாறிய பங்குகள் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லாத விலைச் செய்தி இந்த வதந்திக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

தனியார் முதலீட்டாளர்களின் விவாதங்களே தீங்கானவை என்று வாதிட நான் இதை எழுதவில்லை. அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலியர், ஆய்வகத் தொழில்நுட்பர், கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர் போன்றோர் ஒரு கருவி நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று அங்கே சொல்வது, பெரிய தரகு நிறுவனங்களின் அறிக்கைகளில் பல வேளைகளில் கிடைக்காத தகவல். இத்தனை சிறிய நிறுவனங்களை அந்த அறிக்கைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. ஆனால் இதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் பங்கேற்கும் மருத்துவமனை ஊழியர் ஒருவர், எங்கள் நோயாளிகளுக்குக் கருவி நன்றாகப் பலன் தருகிறது என்று நல்லெண்ணத்தோடு எழுதிவிடுகிறார். வெளியாகாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்வதும் அதற்காகப் பிறருக்குத் தகவல் கொடுப்பதும் பல நாடுகளில் குற்றம். அதைவிட, யாருக்கு உண்மையான சிகிச்சை, யாருக்கு ஒப்பீட்டுக்கான போலிச் சிகிச்சை என்பது மறைக்கப்பட்டிருக்க வேண்டிய ஆய்வில் இத்தகைய ஊகங்கள் பரவினால், பங்கேற்பவர்களின் எதிர்பார்ப்பே முடிவைக் கெடுத்துவிடக்கூடும். ஒரு மையத்தில் பத்துப் பேருக்குப் பலன் தந்தது, பல மையங்களில் சில நூறு பேரிடம் நடக்கும் ஆய்வின் முடிவைச் சொல்லிவிடாது என்ற எளிய புள்ளியியல் உண்மையும் அந்த உற்சாகத்தில் அடிபட்டுப் போகிறது.

அர்ரேயிட் என்ற சிறு அமெரிக்க நிறுவனத்தின் கதை தங்கள் செய்தியாளர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு துளி இரத்தத்தில் ஒவ்வாமையைக் கண்டறியும் தொழில்நுட்பம் தன்னிடம் உள்ளதாகச் சொல்லிவந்த அந்நிறுவனம், கொரோனா பரவியபோது அதற்கும் பரிசோதனை இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்புகளைப் பற்றிய ஐயங்களால் 2020 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் அதன் பங்கு வணிகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. நிறுவனத்தின் தலைவர் 2022 செப்டம்பரில் மருத்துவக் காப்பீட்டு மோசடி, பங்கு மோசடி ஆகிய வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இதில் நான் சுட்ட விரும்புவது வேறொன்று: சட்டப்படி வெளியிட வேண்டிய நிதி அறிக்கைகளை அந்நிறுவனம் வெளியிடாமலே இருந்துவந்தது. அந்த அறிக்கைகள் இல்லை என்பதைக் கண்டுகொள்ள நுண்ணுயிரியலும் தெரிய வேண்டாம், பொறியியலும் தெரிய வேண்டாம்.

எனவே தங்களிடம் என் கோரிக்கை சிறியது. சிறு மருத்துவக் கருவி நிறுவனத்தின் பங்கு பற்றிச் செய்தி வெளியிடும்போது, ஒழுங்குமுறை அமைப்பு உண்மையில் செய்தது என்ன, கையிருப்பு எத்தனை மாதங்களுக்குப் போதும், அன்று கைமாறிய பங்குகள் எத்தனை ஆகியவற்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இரண்டு வரிகளுக்கு மேல் இடம் பிடிக்காது. பங்கு எதுவரை ஏறும் என்று இலக்கு விலை சொல்லும் நிபுணரை மேற்கோள் காட்டினால், அவரோ அவருடைய நிறுவனமோ அந்தப் பங்கை வைத்திருக்கிறதா, புதிய பங்கு வெளியீட்டில் கட்டணம் பெற்றதா என்பதையும் கேட்டு வெளியிட வேண்டும். அவர் பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்றே அச்சிடலாம்.

இப்படிக்கு,
சிறு முதலீட்டாளர் ஒருவர்