அது அம்பாசடர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கார்களின் அணிவகுப்பு பற்றிய கட்டுரையில் கடைசிக்கு முந்தைய வரி இது: "விமானங்களைச் சோதித்த பொறியாளர்கள்கூட ஓய்வு பெற்றபின் இந்தத் தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்." பக்கத்தில் ஒரு படம். வெளிர்நீலக் காரின் அருகே நிற்பவன் நான்தான். கீழே "அம்பாசடருடன் ஓர் ஆர்வலர்" என்று அச்சாகியிருக்கிறது. என் பேரனுக்கு ஒன்பது வயது. படத்தைப் பார்த்ததுமே, "தாத்தா, இது ஹெரால்டு ஆச்சே, ஏன் இப்படிப் போட்டிருக்காங்க?" என்று கேட்டான்.

நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் உங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. நான்கு கதவு. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்தது நம் வண்டலூர் ஆலையில். என் சித்தப்பா அங்கே பிட்டராக இருந்தார். ஜி.எஸ்.டி. சாலையில் ஹெரால்டு போனால் கடைசிவரை திரும்பிப் பார்ப்பார். தங்கள் நிருபரிடம் இதைச் சொன்னேன். இரண்டு நிமிடம் கேட்டார், தலையாட்டினார், போய்விட்டார்.

இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் பானட்டைத் திறந்து காட்டியிருப்பேன். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுவதும் திரும்பிவிடும். முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர வெளி ஆலை கிடைக்காததால், இங்கிலாந்தில் இதை வடிவமைத்தவர்கள் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட்டால் முடுக்கினார்கள். அந்த நெருக்கடி இன்றும் காரின் உடம்பில் தெரிகிறது. ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் மேலெழும்பும்; பின்சக்கரம் உள்பக்கமாக மடியும்; வால் வீசும். பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில் என்ற அச்சின் குணம் அது. எந்த வேகம் வரை பயமில்லை, எத்தனை பேர் ஏறினால் அது மாறுகிறது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று படிப்படியாகக் கண்டுபிடிப்பதுதான் ஐயா, என் தொழிலே. பெங்களூரில் விமானச் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு அதைத்தான் செய்தேன்.

1986-இல் மனைவியின் கம்பளி நூலைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஹெரால்டின் கூரையிலும் பின்கண்ணாடியிலும் ஒட்டினேன். ஓசூர் சாலையில் விடியற்காலையில் தம்பி காரை ஓட்ட, நண்பரின் ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து நான் படம் எடுத்தேன். கூரைவரை நூல்கள் படிந்து கிடந்தன. பின்கண்ணாடியில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சுழன்றது. விமான இறக்கையில் காற்று எங்கே பிரிகிறது என்று பார்க்கவும் இப்படித்தான் நூல் ஒட்டுவோம். இன்னொரு முறை, மே மாத வெயிலில் கிருஷ்ணகிரி அருகே எஞ்ஜின் நின்றுவிட்டது. பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது. ஈரத்துணி சுற்றி அரைமணி காத்திருந்தோம். கொதிக்கும் வெயிலில் எரிபொருள் என்ன பாடு படுத்தும் என்று விமானத்திலும் சோதிக்கிறோம். அதற்கான சோதனைத் தாளை எழுதும்போதெல்லாம் அந்தச் சாலையோரப் புளியமரம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஸ்வீடனில் சாப் நிறுவனத்தின் முதல் காரை உருவாக்கியவர்கள் விமானப் பொறியாளர்கள். 1949-இல் உற்பத்தி தொடங்கிய சாப் 92-இன் உருவத்தைப் பாருங்கள், இறக்கையை வெட்டி வைத்தது போலவே இருக்கும். விமானத்துக்கும் காருக்கும் என்ன உறவு என்று உங்கள் கட்டுரையாளருக்கு வியப்பு வந்ததே எனக்கு வியப்பு.

காரைச் சொன்னதைவிட மனத்தை அறுப்பது இன்னொன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சோதனை விமானம் பாதியில் திரும்பியதற்கு "சோதனையில் தோல்வி" என்று பக்கத்தின் அகலம் முழுவதும் தலைப்பு போட்டீர்கள். அன்றே எழுத நினைத்தேன். அந்த வகைச் சோதனையில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். ஒவ்வொரு படியிலும் இறக்கையை ஓர் உலுக்கு உலுக்கி, அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்று தரையில் திரைமுன் உட்கார்ந்து பார்ப்போம். அடங்கத் தாமதமானால் "போதும், திரும்பி வாருங்கள்" என்போம். விமானி திரும்பி வந்தார், விமானம் முழுதாக வந்தது, வேண்டிய அளவும் கிடைத்தது. எங்களுக்கு அது நல்ல நாள். 1995-இல் போயிங் 777-இன் இறக்கையைத் தரையில் வைத்து வேண்டுமென்றே வளைத்து முறித்தார்கள். பறக்கும்போது வரக்கூடிய மிக அதிகமான பாரத்தில் 150 விழுக்காடு தாங்கினால் போதும், 154-இல்தான் முறிந்தது. அதையும் தோல்வி என்றா எழுதுவீர்கள்?

நம் நாட்டிலேயே உருவாக்கிய போர் விமானமான மாருத் 17 ஜூன் 1961 அன்று முதன்முதலாகப் பறப்பதற்கு முன், அதே அளவில் மரத்தில் எஞ்ஜின் இல்லாத கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துப் போய் வானில் விட்டு 78 முறை பறந்து பார்த்தார்கள். அன்று மாருத்தை ஓட்டிய விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ், 10 ஜனவரி 1970 அன்று மாருத் விமானத்திலேயே உயிரிழந்தார். பெங்களூரில் அவர் பெயரில் இருக்கும் சாலை வழியாகத்தான் பல ஆண்டு வேலைக்குப் போனேன். 6 மார்ச் 2009 அன்று பெங்களூரை அடுத்த பிடதி அருகே சரஸ் என்ற சிறு பயணிகள் விமானம் சோதனையில் விழுந்தபோது இரண்டு விமானிகளோடு இறந்த மூன்றாமவர், சோதனைப் பொறியாளர் ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. வானில் எஞ்ஜினை அணைத்து மறுபடி இயக்கிப் பார்க்கும் சோதனை அன்று. இந்த வேலையைச் செய்தவர்களை ஒரு வரியில் "கட்டிக்கொண்டு அழுகிறார்கள்" என்று எழுத எப்படி மனம் வந்தது?

காருக்கும் மரியாதை கிடையாது. பதிவைப் புதுப்பிக்கப் போன ஓர் அலுவலகத்தில், வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "இரும்புக் கடையில போடுங்க சார்" என்றார் அங்கிருந்தவர். ஐம்பது ஆண்டு கடந்த, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வி.ஏ. எழுத்துடன் தனிப் பதிவு என்று 2021-இல் விதி வந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. நான் பதியவில்லை. மாடம்பாக்கம் கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் இதில்தான் போகிறேன். ஓடாத வண்டியின் குணம் யாருக்குத் தெரியும்?

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு மூலையில், "படத்தில் இருப்பது வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3" என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டிச் சித்தப்பாவின் படத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். நிருபர் தம்பியை எந்த நாளும் வீட்டுக்கு அனுப்பலாம். காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். எஞ்ஜின் சூடாவதற்குள் பானட்டைத் திறந்து காட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானச் சோதனைப் பொறியாளர்,
தாம்பரம்.