எட்டு மணிக்கு வரவேண்டிய ஆள்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் "எல்லாம் ஒழுங்காகப் போகுதும்மா" என்று சொன்னேனே, அது பொய். அம்மா பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னேன்.

இந்த வாரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஆள் வந்தது 3 நாள். மூன்று நாளும் மூன்று முகம். வராவிட்டால்கூடப் பரவாயில்லை, முந்தின ராத்திரியே சொல்லிவிட்டால் ஏதாவது பார்த்துக்கொள்வேன். "கிளம்பிட்டாங்க சார், வந்துட்டே இருக்காங்க" என்று 11 மணி வரை உட்கார வைக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

தாமதம்தானே என்று ஏஜென்சியில் கேட்கிறார்கள். அம்மாவின் பார்க்கின்சன் நோய்க்கான காலை 8 மணி மாத்திரையை நானே கொடுத்துவிடுகிறேன். ஆனால் அது வேலை செய்கிற கொஞ்ச நேரம்தான் அம்மாவின் உடம்பு இளகும். குளியல், நடை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 11 மணிக்கு வருகிறவள் பார்ப்பது மரமாக இறுகிப்போன ஒருத்தியை. "பாட்டி ஒத்துழைக்க மாட்டேங்குறாங்க" என்று நோட்டில் எழுதிவிட்டுப் போகிறாள். பார்க்கின்சன் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, பாவம்.

அம்மாவின் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில், தாண்டி அடி வைக்க வசதியாக, சிவப்பு டேப் ஒட்டியிருந்தோமே. வியாழக்கிழமை வந்தவள் அதை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாள்! திட்டவும் மனசு வரவில்லை. ரொம்பச் சுத்தமாகத்தான் சுரண்டியிருந்தாள்.

அப்புறம், என் விஷயம். செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. குளியலறையிலிருந்து அம்மாவை நானே தூக்கினேன். இந்த இதயத்தை வைத்துக்கொண்டு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது தெரியும், ஆனால் ஈரத் தரையில் அவளை விட்டுவிட்டு யாருக்குப் போன் போடுவது? அந்த வாரத்திலேயே உடம்பில் நீர் கோத்து எடை 2 கிலோ ஏறி, கணுக்கால் வீங்கி, மூச்சு முட்டாமல் இருக்க மூன்று தலையணை வைத்தால்தான் தூக்கம் என்றாகிவிட்டது. டாக்டரிடம் சொன்னேன், நீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இப்போது பரவாயில்லை. பதறாதே. லீவு போட்டுக் கிளம்பியும் வராதே.

எனக்கு வேண்டியது வேறு. ஏஜென்சிக்கு நீ எழுத்தில் ஒரு மெயில் போடு. நான் கத்தினால் கிழவன் கத்துகிறான் என்று போனை வைத்துவிடுகிறார்கள். தினம் புது ஆள் வேண்டாம், மாற்றி மாற்றி வர இரண்டே பேர் போதும். வராவிட்டால் முந்தின இரவே சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பார்ப்போம்.

போன மாதம் ஒருத்தி வந்தாளே, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே அம்மாவை நடக்க வைத்தவள். முடிந்தால் அவளைக் கேட்டுப் பார். அம்மா இன்றைக்கும் ஏழரைக்கே தலை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா