இரண்டாவது ஆம்ப்ளிஃபையர் தேவைதானா?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறீர்கள் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை இன்னும் முடியாததால், என் ஸ்பீக்கர்கள் துணி போர்த்திக்கொண்டு மௌனமாக நிற்கின்றன.

பழைய ஆம்ப்ளிஃபையரை விற்காமல், புதியதோடு சேர்த்து ஒரே ஜோடி ஸ்பீக்கர்களை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஓட்டலாம்; ஆனால் 50 வாட்டும் 50 வாட்டும் சேர்ந்து 100 வாட் ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம். ஸ்பீக்கரின் பின்புறம் இரண்டு ஜோடி முனைகள் இருப்பதால், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கு ஒன்றும் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஒன்றுமாக இணைக்க முடியும் என்பது உண்மைதான். எனினும் ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸோவர் பெட்டிக்குள் அப்படியே இருக்கும் வரையில், இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் பாட்டின் முழு சிக்னலையும் முழு வோல்டேஜில்தான் பெருக்குகின்றன. பங்கிடப்படுவது கரண்ட் மட்டுமே. ஆகவே தவில் ஓங்கி விழும் இடத்தில் ஒற்றை ஆம்ப்ளிஃபையர் எங்கே திணறுமோ, ஏறக்குறைய அங்கேயே இவையும் திணறும். உண்மையாகவே 100 வாட் கிடைத்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

உங்களிடம் இருப்பவை வெவ்வேறு மாடல்கள் என்பது இன்னொரு சிக்கல். ஒன்றின் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, 26 டெசிபெல், மற்றதன் கெயின் 29 டெசிபெல் என்றால், மேல் ஸ்தாயி எப்போதும் 3 டெசிபெல் தூக்கலாகவோ அமுங்கியோ ஒலிக்கும். கெயினைச் சமப்படுத்த வழியில்லாவிட்டால் அந்த எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது. அப்படியும் முயன்று பார்ப்பதானால், முனைகளை இணைக்கும் அந்தச் சிறிய உலோகப் பட்டைகளை, இரண்டு ஸ்பீக்கர்களிலும், பிளஸ், மைனஸ் இரு பக்கத்திலும், முதலில் கழற்றிவிடுங்கள். பட்டை இருக்கும்போது இரண்டாவது ஆம்ப்ளிஃபையரை இணைத்தால் ஒன்றின் வெளியீடு மற்றொன்றின் வெளியீட்டோடு நேரடியாக மோதும், இரண்டும் புகைந்துபோகக்கூடும்.

பல ஆம்ப்ளிஃபையர்களால் நிஜமான பலன் கிடைப்பது, உள்ளிருக்கும் கிராஸோவரை நீக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே எலக்ட்ரானிக் கிராஸோவரால் ஒலியைப் பிரிக்கும்போதுதான். ஹியூலெட்-பேக்கர்டில் பணியாற்றிய லிங்க்விட்ஸ், ரைலி என்ற பொறியாளர்களின் பெயரில் வழங்கும், 1976-இல் வெளியான வடிவமைப்பே இன்றும் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் வூஃபரின் ஆம்ப்ளிஃபையர் திணறினாலும் அந்தக் கரகரப்பு ட்வீட்டருக்குப் போகாது. ட்வீட்டருக்குச் சிறிய ஆம்ப்ளிஃபையரே போதும். ஆனால் ஆன் செய்யும்போது வரும் ‘டப்’ என்ற அதிர்ச்சியும் நேராக ட்வீட்டரில் விழும் என்பதால், ஒரு கெபாசிட்டரைப் பாதுகாப்புக்காகத் தொடரில் வைப்பார்கள். ஆம்ப்ளிஃபையர்களைக் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்வார்கள்.

நன்றாக இருக்கும் பெட்டியைப் பிரிக்க உங்களுக்கு மனம் வராது என்று நினைக்கிறேன், எனக்கும் வராது. பழையதைப் படுக்கையறைக்கு வைத்துக்கொண்டு, செலவு செய்ய நினைத்தால் எதிரொலி குறையக் கூடத்துக்குக் கனமான திரைச்சீலைகள் வாங்கலாம் என்பது என் கருத்து. எதற்கும் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களின் மாடல் எண்களையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்; கெயின் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்