பின்னால ஒரு வண்டி இருக்கு, மக்ளே

தக்கலை
ஞாயிறு மதியம்

அன்புள்ள மக்ளே,

இங்கே எல்லாரும் சுகம். இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. முற்றத்தில் காயப் போட்ட தேங்காயை அம்மை நாளுக்கு நாலு தடவை அள்ளி உள்ளே வைக்கிறாள்.

ஆஸ்திரேலியாவில் இருந்து நீ அனுப்பின கேரவன் படத்தை, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற அந்த வீட்டு வண்டியை, தெருவில் பார்க்காத ஆளில்லை. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிறது என்று அம்மைக்கு ஒரே பெருமை. என் கண் போனது பின்பக்கம் மாட்டியிருக்கிற ரெண்டு சைக்கிள் மேலே. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். எழுதினால் மாப்பிள்ளையும் வாசிப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த சைக்கிளைக் கழற்று. கேரவனின் ஆக்ஸில், சக்கரம் மாட்டின அச்சு, நடுவில் இருக்கிறது. பின்கோடியில் 30 கிலோ தொங்கினால் முன்மூக்கில் பாரம் குறைந்து மேலே எழும்பப் பார்க்கும். மூக்கு காரின் கொக்கி மேல் அழுத்தி உட்காரணும். கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்கணும் என்பது பொதுக் கணக்கு. சாமான் எல்லாம் ஏற்றி 1,800 கிலோ என்றால் கொக்கியில் 180 கிலோ. இது காரின் கையேட்டில் போட்டிருக்கிற அளவைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் காரின் முன்சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்தச் சக்கரத்தை நம்பித்தான் இருக்கு. தண்ணீர் டேங்க், அரிசி மூட்டை, மாப்பிள்ளையின் டூல் பெட்டி எல்லாம் ஆக்ஸிலை ஒட்டி, தரையோடு தாழ்வாக, கொஞ்சம் முன்தள்ளி இருக்கட்டும். மேல் அலமாரியில் துணியும் பிஸ்கட்டும் போதும். தண்ணீர் டேங்க் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பார். அப்படி இருந்தால் அது நிறைந்திருக்கும்போது ஒரு கணக்கு, காலியாக இருக்கும்போது வேறொரு கணக்கு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கேரவன் நான் இழுத்ததில்லை, ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயை நீயும் பார்த்திருக்கிறாய். ஆனி, ஆடியில் முப்பந்தல் பக்கம் காற்று அடிக்கிற அடியில் காலி பஸ்ஸே ஒரு பக்கம் ஒதுங்கும். செங்கல் ஏற்றின டிராக்டர் டிரெய்லர் அந்த ரோட்டில் போவதைப் பின்னால் இருந்து பார்க்கணும். முன்பக்கம் பாரம் சரியாக அடுக்கினது சாதுவாகப் போகும். பின்னால் பாரம் ஏறினது வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே போகும். டிராக்டர் 25-இல் போவதால் அது வெறும் வேடிக்கை. நீ 100-இல் போகும்போது அதே ஆட்டம் காரையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடும். மேற்கு ஆஸ்திரேலியாக் கரையோரமாக ஜெரால்டன் வழியாக எக்ஸ்மவுத் போகப் போகிறீர்கள் என்று தம்பி சொன்னான். ஜெரால்டனுக்குத் தெற்கே கிரீனஃப் என்ற இடத்தில் காற்றுக்கு மரமே தரையோடு வளைந்து கிடக்கிற படத்தையும் காட்டினான். மரத்தையே சாய்த்து வைக்கிற காற்று உன் கேரவனின் பக்கவாட்டைச் சும்மா விடுமா?

கேரவன் ஆட ஆரம்பித்தால் காலும் கையும் செய்யத் துடிக்கிறது எல்லாமே தப்பு. பிரேக்கை ஓங்கி மிதிக்காதே. மிதித்தால் கார் குறையும், பின்னால் வருகிறது குறையாமல் தள்ளும். கார் ஒரு பக்கம் கேரவன் ஒரு பக்கம் என்று மடங்கிவிடும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்பாதே. நீ திருப்புகிற நேரத்துக்கு அது அடுத்த பக்கம் போயிருக்கும், ஆட்டம் கூடத்தான் செய்யும். ஆக்சிலேட்டரை அமுக்கினால் நேராகிவிடும் என்று சில பேர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பாதே. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரில் இருந்து காலைப் பைய எடு. அங்கேயெல்லாம் கேரவனுக்குத் தனி மின்சார பிரேக் உண்டாம். அதன் கன்ட்ரோலர் டேஷ்போர்டில் இருக்கும். அதில் இருக்கிற கைவிசையை மட்டும் அமுக்கினால் கேரவன் பிரேக் தனியாகப் பிடிக்கும், பின்னால் இருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி வண்டி நேராகும். அந்த விசை எங்கே இருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு கை போகிற அளவுக்குப் பழகு. கிளம்புவதற்கு முந்தின நாளே காலி இடத்தில் 30-இல் போய் அதை மட்டும் அமுக்கிப் பார்: கேரவன் காரைப் பிடித்து இழுக்கணும், ஆனால் சக்கரம் பூட்டி உரசக் கூடாது. உரசினால் அளவைக் குறை.

ரோடு டிரெயின் என்று ஒரு லாரி உண்டாமே, மூணு டிரெய்லர் கோத்து 50 மீட்டருக்கு மேல் நீளம். அது உன்னைத் தாண்டும்போது முதலில் காற்று உன்னை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். முப்பந்தலுக்குக் காற்றாடி இறக்கை ஏற்றி வருகிற டிரெய்லர் பக்கத்தில் பஸ்ஸை ஓட்டியவனுக்கு அது தெரியும். கண்ணாடியில் அது வருவது தெரிந்ததுமே ஸ்டியரிங்கை இரண்டு கையால் பிடித்து, வேகத்தைக் கூட்டாமல், உன் கோட்டுக்குள் இடப்பக்கமாக ஒதுங்கி, அது தாண்டட்டும் என்று விட்டுவிடு.

இனி பிரேக். நடுரோட்டில் ஒன்றைப் பார்த்து உன் கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள். 60-இல் போகிற கார் அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். 100-இல் போனால் 42 மீட்டர். அதற்குப் பிறகுதான் பிரேக்கே பிடிக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல டயர் உள்ள கார் 60-இல் இருந்து நிற்க இன்னும் 20 மீட்டர் போல வேணும். 100-இல் இருந்து 55. வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நாலு மடங்கு. இது தனிக் கார் கணக்கு. பின்னால் 1,800 கிலோ தொங்கும்போது முன்வண்டிக்குச் சாதாரணமாக விடுகிற மூணு விநாடி இடைவெளியை இரட்டியாக்கு. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு' என்று எண்ணு. ஆயிரத்து ஆறு சொல்லுமுன் நீ அந்தக் கம்பத்தை எட்டினால் நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம். உங்கள் மாநிலத்தில் டிரெய்லர் இழுத்தால் 100-க்கு மேல் போகவே கூடாது என்று சட்டம், அதையும் தம்பிதான் எடுத்துக் காட்டினான். நான் என்றால் 90-இல் நிறுத்திக்கொள்வேன்.

டயருக்கு ஒரு சம்பளம்தான். அதைப் பிரேக்குக்கும் செலவழிக்கணும், திரும்பவும் செலவழிக்கணும். முழுதையும் பிரேக்குக்குக் கொடுத்தால் திரும்பக் கையில் ஒன்றும் இருக்காது. மழையில் அந்தச் சம்பளமும் பாதியாகக் குறையும். அதனால் வளைவுக்குள் போய் பிரேக் மிதிக்கிற பழக்கத்தை விட்டுவிடு. நேர் ரோட்டிலேயே குறைத்துவிட்டு உள்ளே போ. பேச்சிப்பாறை ரூட்டில் ரப்பர் இலை உதிர்கிற மாதங்களில் காலையில் பனி இறங்கி இலை எல்லாம் ரோட்டில் ஒட்டிக் கிடக்கும். அந்த வளைவில் டிரைவர் பிரேக் பெடலைத் தொடாமலேயே வந்தான் என்றால் அவன் திறமைசாலி இல்லை, முன்கூட்டியே குறைத்தவன். ஒரு மாசம் காய்ந்த ரோட்டில் முதல் மழை விழுந்த அரைமணி நேரம்தான் எனக்கு என்றைக்கும் பயம். எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே மிதக்கும். பெருமழையில் கழுவிப் போன ரோடு அதைவிட எவ்வளவோ மேல்.

ஏபிஎஸ் இருக்கு என்று மாப்பிள்ளை சொல்வார். இருக்கட்டும். இங்கேயும் 2019 ஏப்ரலில் இருந்து புதுக் காருக்கெல்லாம் அது கட்டாயம்தான். அது சக்கரத்தைப் பூட்டாமல் வைத்து, பிரேக் மிதித்துக்கொண்டே திரும்ப வழிவிடும். நிற்கிற தூரத்தைப் பெரிதாகக் குறைத்துவிடாது. ஆபத்தில் ஓங்கி மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும், சத்தம் வரும். பயந்து காலை எடுத்துவிடாதே. அது வேலை செய்கிற சத்தம்தான். இன்னும் அமுக்கு, போக வேண்டிய பக்கம் பார்த்துத் திருப்பு. நாங்கள் பழைய வண்டியில் விட்டு விட்டு மிதித்தோம். அதை இந்த வண்டியில் செய்யாதே. ஆனால் சரளை ரோட்டில் ஏபிஎஸ்ஸை நம்பி வேகம் போகாதே. பூட்டின சக்கரம் சரளையைக் குவித்துத் தடுக்கும், உருள்கிற சக்கரம் அப்படிக் குவிக்காது. அங்கே தூரம் கூடத்தான் செய்யும். உங்கள் தெற்குப் பக்கத்துச் சிவப்புச் சரளையோ உருண்டை உருண்டையாகக் கடலைப் பருப்பு அளவில் இருக்குமாம். அதில் 40 போதும்.

ஸ்கிட் அடித்தால் எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று முதலில் தெரிந்துகொள். நீ திருப்பியும் கார் நேராகவே போகிறது என்றால் முன்சக்கரம். அங்கே இன்னும் இன்னும் ஸ்டியரிங்கைச் சுற்றாதே. ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை ஒரு துளி நேராக்கினால் பிடி திரும்பி வரும். பின்பக்கம் வெட்டி வந்தால், அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு, நேரானதும் உடனே திரும்பக் கொண்டுவா. கண் போகிற இடத்துக்குத்தான் கை போகும். அதனால் எதிரே இருக்கிற மரத்தைப் பார்க்காதே, ரோட்டைப் பார். தேங்கின தண்ணீரில் ஏறி ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கிறது. பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம்; காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்திரு. டயர் பட்டனின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மழைக்காலத்துக்கு முன் மாற்று, சட்டம் சொல்கிற அளவுக்குத் தேயும் வரை காத்திருக்காதே.

கங்காரு குறுக்கே வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொள். நேராகப் பிரேக் மிதி, திருப்பாதே. திருப்பினால் கேரவன் கவிழும், மரத்தில் போய் மோதுவாய். பொழுது சாய்கிற நேரமும் விடிகிற நேரமும் அவை மேயும் நேரமாம். சாயங்காலம் நாலரைக்கே எங்காவது நிறுத்தி சமைத்துவிடுங்கள்.

இறக்கத்தில் ஒரு பேச்சு. இங்கே டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போட்டு மலை இறங்குகிற சவங்கள் இன்னும் இருக்கு. கோதையாறு இறக்கத்தில் ஒருத்தன் அப்படி இறங்கினால் பின்னால் போகிற பஸ்ஸுக்கே பிரேக் கருகின மணம் வரும். உன்னுடையது ஆட்டோமேட்டிக் என்றாய். லீவரில் கைமுறை இருக்கும். இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடு. பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்காதே. கொஞ்ச நேரம் நன்றாக மிதித்துக் குறை, விடு, ஆறட்டும், மறுபடி மிதி. சூடேறினால் பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

கொக்கியை மாட்டியதும் பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்த்தால் போதாது. முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றிக் கேரவனைத் தூக்கு. காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் மாட்டியிருக்கு. சங்கிலி ரெண்டும் கீழே குறுக்காக. விளக்கு எல்லாம் எரிகிறதா என்று பிள்ளை ஒருத்தனை நிறுத்திக் கேள், அவனுக்கும் வேலை ஆச்சு. 50 கிலோமீட்டர் போனதும் இறங்கிக் கேரவன் வீல் நட்டை ஒரு தடவை முறுக்கிப் பார்.

ரிவர்ஸ் எடுப்பதுதான் ரெண்டு பேருக்கும் சண்டை வரப் போகிற இடம். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வை. கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோ. அவ்வளவுதான். கொஞ்சமாகத் திருப்பு, மடங்கத் தொடங்கினதும் நிறுத்தி முன்னால் போய் நேராக்கு. மாப்பிள்ளை பின்னால் நின்று கை காட்டட்டும். கண்ணாடியில் அவர் தெரியாமல் போன அந்த நொடி பிரேக். பிள்ளைகள் காருக்குள்ளேயே பெல்ட் போட்டு இருக்கட்டும். கோயில் பார்க்கிங் காலியாக இருக்கும் ஒரு ஞாயிறு மதியம் போய்ப் பழகுங்கள்.

அங்கே பொது எடைமேடை இருக்குமே, சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீர் நிறைத்து, அதில் போய் நில்லுங்கள். காரைத் தனியாக, கேரவனைத் தனியாக, சேர்த்து ஒரு தடவை. அந்தச் சீட்டையும் கேரவன் கதவுப் பக்கத்தில் எடை வரம்பு போட்டிருக்கிற தகட்டையும் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பு. அவன் சீட்டைத் தகட்டோடு வைத்துக் கூட்டிக் கழித்துச் சொல்லுவான். சைக்கிள் இல்லாமல் நிறுக்கணும், கேட்டியா.

அன்புடன்,
அப்பா