பச்சை விளக்கோடு நின்றுவிடாத தம்பிக்கும், உங்கள் எல்லோருக்கும்

நேற்றிலிருந்து வீட்டில் இணையம் தங்குதடையின்றி ஓடுகிறது. இதை எழுதும்போதும் மோடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். நாம் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதை மறுபடி அளக்கப் போவதில்லை.

முதல் நன்றி ஃபைபர், அதாவது இணையத்தை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள், இணைக்க வந்த தம்பிக்கு.

இணைப்புக் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, வேகமும் வந்துவிட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்போதே அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவரோ ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மைனஸ் 26 டிபிஎம். டிபிஎம் என்பது அந்தப் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல்.

“விளக்குத்தான் எரிகிறதே தம்பி, போதாதா?”

“இன்றைக்குப் போதும் அக்கா. மைனஸ் 27, 28 என்று இறங்கினால் மோடம் தடுமாறும். அப்புறம் நீங்கள்தான் அலைய வேண்டும்.”

வெளிச்சுவர் மூலையில் கேபிள் மடங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தார். கூர்மையாக வளைந்தால் அந்த இடத்தில் ஒளி கசிந்துவிடுமாம். ஆணியைப் பிடுங்கி, கேபிளை அகலமாக வளைத்துவிட்டார். அதோடும் விடவில்லை. பழைய இணைப்பை வெட்டி, மேலுறையை உரித்து, இழையை ஆல்கஹாலில் துடைத்து, புதிதாக ஒட்டினார். அந்தக் கண்ணாடி இழையின் பருமன் 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒளி போகும் நடுப்பகுதியோ ஏறக்குறைய 9 மைக்ரான்தான். தூசி ஒன்று உட்கார்ந்தாலே கெட்டது. இழையை ஒட்டும் இயந்திரத்தின் சின்னத் திரையில் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வந்து, ஒரு மின்பொறியில் ஒன்றாகிப்போனதை நானும் பார்த்தேன். மறுபடி அளந்தார். மைனஸ் 19.

வரிசையின் கடைசி வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தூரம் கூடக் கூடத் தேய்ந்துபோகும் செம்புக் கம்பி இணைப்பில் காலம் தள்ளியவர்கள் நாம். நாளை கோளாறு என்றால் இங்கே யார் உடனே வரப்போகிறார்கள்? அந்த நாளையை மனத்தில் வைத்து வேலை செய்தாரே, அதை மறக்க மாட்டேன்.

வரப்பில் கம்பம் நட இடம் கொடுத்த அம்மா, மனுவில் கையெழுத்திட்டவர்கள், ஏணி தந்தவர்கள், செல்பேசி இணையத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள், 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் ஏன் பதில் அரை விநாடி பிந்துகிறது என்று பொறுமையாக விளக்கியவர், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி நம் பக்கம் யார் வீட்டுக்கு ஃபைபர் வந்தாலும் அந்த டிபிஎம் அளவைக் கேட்காமல் ஆளை அனுப்பிவிடாதீர்கள். புரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வந்து கூட நிற்கிறேன். வரப்போரம் மண் வெட்டுகிறவர்களும் முதலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேபிள் போகும் தடத்தை நானே வந்து காட்டுகிறேன்.