கேர்லிங் ஆடும் பெண்களைப் பற்றிச் சரியாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த பெண்கள் கேர்லிங் (ஐஸ் மேல் கல்லை வழுக்கவிட்டு எதிர்ப்புற வட்டத்தின் மையத்தில் நிறுத்தும் ஆட்டம்) படத்தின் கீழே, தும்புத்தடியால் ஐஸ் கூட்டும் விளையாட்டு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. வன்னியில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கும் எங்களுக்கு அந்த வரி வலித்தது. இங்கே ஐஸ் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ ஓர் உறவாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. பெண்கள் கேர்லிங்கில் முன்னணியில் நிற்கும் நாடுகளில் அந்த இரண்டும் உண்டு. அங்கே வளரும் நம் பேத்திகளும் மருமக்களும் நாளை இதை ஆடலாம். அவர்களிடம் நாம் என்னவென்று கேட்பது?

வாசிகசாலையில் கரம் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டை விளக்குவது சுலபம். பலகையில் பவுடர் தூவுவதுபோல ஐஸ் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைப்பார்கள். அந்தச் சிறு பொருக்குகளின் மேல்தான் கல் ஓடுகிறது. மட்டமான வெறும் ஐஸில் அதே வேகத்தில் விட்ட கல் பாதி வழியில் நின்றுவிடும். கல் கருங்கல். நிறை 17.24 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது, 19.96க்குக் கூடக்கூடாது. பெண்களுக்கென்று இலேசான கல் கிடையாது. அதன் அடி குழிந்திருக்கும். ஐஸைத் தொடுவது சில மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே. வீசும் இடத்திலிருந்து எதிர்ப்புற வட்டத்தின் நடுக்கோடு 38.4 மீற்றர் தூரம். அந்த வட்டத்தின் மையத்துக்கு எந்த அணியின் கல் அண்மையில் நிற்கிறதோ அதற்கே புள்ளி. ஒரு சுற்றில் ஆளுக்கு இரண்டு கல், நால்வர் அணிக்கு எட்டுக் கல், ஒலிம்பிக் ஆட்டத்தில் 10 சுற்று.

இனி அந்தத் தும்புத்தடிக்கு வருவோம். தண்டு கார்பன் இழையால் ஆனது, தலையில் நைலோன் துணி. கல்லுக்கு முன்னால் இரண்டு பெண்கள் தங்கள் உடற்பாரம் முழுவதையும் அந்தத் தலையில் ஏற்றி, குறுகிய வேகமான தேய்ப்புகளாகத் தேய்க்கிறார்கள். பொருக்கின் நுனி ஒரு துளி சூடேறி வழுக்குகிறது. கல் இரண்டு மூன்று மீற்றர் கூடப் போகும், வளைவதும் குறையும். 2015 இல் ஒருவகைப் புதுத் துணி, கல்லை வேண்டிய பக்கம் திருப்பும் அளவுக்கு வேலை செய்தது. வீராங்கனைகளும் வீரர்களும் எதிர்த்தார்கள். 2016 இல் உலகச் சம்மேளனம் எல்லாருக்கும் ஒரே துணி என்று கட்டுப்படுத்தியது. கூட்டுகிற வேலைக்கு இவ்வளவு பாடுபடுவார்களா?

பெண்கள் ஆட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. உடற்பாரம் குறைவென்றால் தேய்ப்பின் பலனும் குறைவு. குறைந்த வேகத்தில் போன கல்லைப் பாரமான ஆண்கள் இருவர் தேய்த்துக் காப்பாற்றிவிடலாம், பெண்கள் அணிக்கு அந்த மிச்சம் கிடையாது. அதனால் கையை விடும் கணத்திலேயே வேகம் சரியாக இருக்கவேண்டும். பிழைகளும் அங்கேதான் நடக்கும். கைப்பிடியை விடும்போது விரல் சற்றுத் தள்ளிவிட்டால் கல் கோட்டை விட்டு விலகும். சுழற்சி போதாவிட்டால் கல் எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லமுடியாது, கூடிவிட்டால் வளையாமல் நேரே ஓடும். ஏறத்தாழ மூன்று முறை சுழன்று போய்ச் சேருவது நல்ல கல். கையுறையிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை அந்த அடிவளையத்தில் அகப்பட்டாலே போதும், கல் திடீரென்று இழுபட்டுத் திசைமாறிவிடும். வீசுமுன் ஒவ்வொருத்தியும் கல்லைச் சரித்து அடியைத் துடைப்பது இதற்காகத்தான். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் அதைச் சடங்கென்று நினைக்கிறார்கள்.

எங்களுக்கு முக்கியமானது, இந்தப் பெண்கள் எத்தனை வயதுவரை ஆடுகிறார்கள் என்பது. நம் பக்கத்தில் பெண் பிள்ளையின் விளையாட்டு சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுபோகிறது. வலைப்பந்தில் மாகாண மட்டம்வரை போன பிள்ளை உயர்தரத்துக்கு வந்ததும் மைதானத்தை மறந்துவிடவேண்டும் என்றே வீட்டிலும் சொல்வார்கள், பாடசாலையிலும் சொல்வார்கள். கேர்லிங்கில் கனிஷ்ட பிரிவே 21 வயதுவரை போகிறது. அதற்குப் பிறகுதான் ஆட்டக்காரி பழுக்கிறாள்.

கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ் தொழிலால் சட்டத்தரணி. 2012 இல் முழங்காலில் சத்திரசிகிச்சை, அதே ஆண்டு குழந்தை. 2014 இல் சோச்சி ஒலிம்பிக்கில், 39 வயதில், ஆடிய 11 போட்டியிலும் வென்று தங்கம் எடுத்தார். பத்து ஆண்டு கழித்து 2024 இல், 49 வயதில், கனேடியத் தேசியப் போட்டியின் இறுதியாட்டம்வரை வந்தார். அதில் அவரை வென்ற ரேச்சல் ஹோமனின் வழியும் நேரானதல்ல. 2017 உலகப் போட்டியில் 13க்கு 13 வென்ற ஹோமன் அணி, அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் நான்கு வெற்றி, ஐந்து தோல்வியோடு பதக்கச் சுற்றுக்கே போகாமல் திரும்பியது. 2021 தேசியப் போட்டியில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு இறுதியாட்டம்வரை ஆடினார். பின்னர் 2024, 2025 இரண்டு ஆண்டும் உலகப் பட்டம். சிறுவயது முதல் அவரோடு ஆடிவந்த எமா மிஸ்கியூ அந்த இரண்டு பட்டத்திலும் அதே அணியில்தான். 2022 ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்குத் தங்கம் கொண்டுவந்த நால்வரில் விக்கி ரைட் ஒரு தாதி. கோவிட் காலத்தில் வார்ட்டில் கடமை செய்தவர். பரிசுப்பணம் நாலாகப் பிரிந்துவிடும், அதனால் பலர் தொழிலை விடுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான கதை தென்கொரியாவின் உய்சோங். உள்ளிச் செய்கைக்குப் பேர்போன கிராமப்புறம் அது. வெங்காயமும் மிளகாயும் நெல்லும் செய்கிற நம் ஊர்களைப்போல. 2006 இல் அங்கே ஒரு கேர்லிங் மண்டபம் கட்டினார்கள். பள்ளிக்கூட மாணவிகளாக அங்கே பழகத் தொடங்கியவர்கள் 2018 பியொங்சாங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்கள். தலைவி கிம் உன்-ஜொங், தேய்க்கும் தோழியை "யொங்-மி!" என்று கூப்பிடும் தொனியை வைத்தே வேகமா, மெதுவா, நிறுத்தவா என்று அவளுக்கு விளங்கும். அதே ஆண்டு நவம்பரில், பயிற்சியாளர்கள் ஏசுவதையும் பரிசுப்பணம் தங்கள் கைக்கு வராததையும் அந்தப் பெண்களே வெளியே சொன்னார்கள். அரசு விசாரணை நடந்து முறைப்பாடு உறுதியானது. அணி கலையவில்லை. 2022 உலகப் போட்டியில் மீண்டும் வெள்ளி. மண்டபத்தைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியையும் எழுதவேண்டும். விளையாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் கணக்குக் கேட்கலாம், கேட்கவேண்டும்.

அடுத்த முறை பெண்கள் கேர்லிங் முடிவு பிரசுரிக்கும்போது வெறும் மொத்தப் புள்ளியோடு விடாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசிக் கல் எந்த அணியின் கையில் இருந்தது என்று ஓர் அடையாளம் போடுங்கள். கடைசிக் கல் கையிலிருந்தும் ஒரு புள்ளி மட்டும் எடுத்த அணி, அந்தச் சுற்றில் உண்மையில் மடக்கப்பட்ட அணி. கடைசிக் கல் இல்லாமலே ஒன்று எடுத்திருந்தால் அது பெரிய பறிப்பு. பூச்சியம் என்று இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணவேண்டாம். யாருக்கும் புள்ளி இல்லாவிட்டால் கடைசிக் கல் அடுத்த சுற்றிலும் அதே அணிக்குத்தான் என்பதால், ஒற்றைப் புள்ளியை வேண்டாமென்று விட்டுக் காத்திருக்கும் கணக்கு அது. படத்தின் கீழே ஆட்டக்காரியின் வயதையும் தொழிலையும் போடுங்கள். தும்புத்தடி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் விளையாட்டுப் பயிற்றுநர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு.